ஆட்டம் முடிந்த பிறகு: தமிழகச் சதுரங்கத்தில் பகுப்பாய்வின் வரலாறு

சதுரங்கப் போட்டியில் ஆட்டம் முடிந்து கைகுலுக்கிய இருவர், வெற்றியின் களிப்பும் தோல்வியின் கசப்பும் ஆறுமுன்பே காய்களை மீண்டும் அடுக்கி, முதல் நகர்விலிருந்து ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்ப்பது உலகெங்கும் நிலவிவரும் பழைய வழக்கம். ஆட்டக்காரர்களின் பேச்சில் 'போஸ்ட்மார்ட்டம்' என்றும் எழுத்தில் 'ஆட்டப் பகுப்பாய்வு' என்றும் வழங்கும் இது, சதுரங்கக் கல்விக்கு அடித்தளம் எனலாம். கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு எடுத்த முடிவுகளைப் பின்னர் நிதானமாக எடைபோடும்போதுதான் ஒருவர் அடுத்த ஆட்டத்துக்கு வேண்டியதைக் கற்கிறார். கடந்த அரை நூற்றாண்டில் இவ்வழக்கம் அடியோடு மாறியிருக்கிறது. எதிரே அமர்ந்திருந்த மனிதரும் மன்றத்தின் மூத்த ஆட்டக்காரரும் ஆற்றிவந்த பணியின் பெரும்பகுதியை, நிலைகளைக் கணக்கிட்டு மதிப்பெண் தரும் கணினி நிரல், அதாவது ஆட்டக்காரர்கள் 'என்ஜின்' என்றழைக்கும் கருவி, தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டது. 'எது சரியான நகர்வு' என்ற கேள்விக்கு விடை எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய இக்காலத்தில், 'அந்த நகர்வு ஏன் கண்ணில் படவில்லை' என்ற கேள்வியின் கனம் கூடியிருக்கிறது. இவ்விரண்டாம் கேள்வியைத் தமிழகப் பயிற்சியாளர்கள் கைவிடாதிருந்தது இம்மாநிலத்தின் சதுரங்க வளர்ச்சியில் உரிய கவனம் பெறாத ஒரு காரணம் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

கணினிக்கு முந்தைய பகுப்பாய்வுக்கு ஆட்டத்தாளே ஆதாரம். ஒவ்வொரு நகர்வையும் இருவரும் தம் கைப்படக் குறித்துவரும் அந்தத் தாள், ஆட்டம் முடிந்தபின் அதைச் சிதையாமல் மீட்டெடுக்க உதவியது. எட்டு நேர்வரிசைகளுக்கு எழுத்தும் எட்டுக் குறுக்குவரிசைகளுக்கு எண்ணும் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயரிடும் இயற்கணிதக் குறிமுறை இன்று எங்கும் வழக்கில் உள்ளது. ஆனால் ஆங்கிலப் புத்தகங்களின் வழியே சதுரங்கம் கற்ற இந்தியர்கள், ராஜாவின் வரிசை, ராணியின் வரிசை என்று காய்களைக் கொண்டே கட்டங்களைக் குறிக்கும் பழைய விவரணைக் குறிமுறையை நெடுங்காலம் கையாண்டார்கள். 1981 முதல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இயற்கணிதக் குறிமுறையை மட்டுமே ஏற்றது. பின்னாளில் கோடிக்கணக்கான ஆட்டங்களைக் கணினிக்குள் ஒரே வடிவில் சேர்த்துவைப்பதற்கு இந்த ஒருமைப்பாடு வழியமைத்தது.

தமிழகத்தில் பகுப்பாய்வை ஒரு கூட்டுப் பழக்கமாக வளர்த்தவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் மானுவல் ஆரோன். 1935இல் பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த அவர், 1961இல் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான இன்டர்சோனல் போட்டியில் லாயோஸ் போர்டிஷ், வோல்ஃப்காங் உல்மன் ஆகிய இரு பெரும் ஆட்டக்காரர்களை வீழ்த்தியபோதிலும், பட்டியலில் அவர் கடைசி இடத்தையே பெற்றார். தனி ஆட்டங்களில் உலகத் தரத்தை எட்ட முடிந்த ஒருவர் முழுப் போட்டியிலும் அத்தரத்தைத் தக்கவைக்க இயலாமற் போனதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. பயிற்சித் துணைகளும் அண்மைக்கால ஆட்டங்களின் பதிவுகளும் சேர்ந்து ஆராயும் குழுவும் சோவியத் ஆட்டக்காரர்களுக்கு வாய்த்ததுபோல் இந்தியருக்கு வாய்க்கவில்லை.

அக்குறையைப் போக்கும் முயற்சியாக 1972இல் சென்னையின் சோவியத் கலாச்சார மையத்தில், முன்னாள் உலக சாம்பியன் மிகயில் தாலின் பெயரால் தால் செஸ் கிளப் தொடங்கப்பட்டது. சோவியத் நாட்டுப் புத்தகங்களும் இதழ்களும் காய்களும் கடிகாரங்களும் ஒரே கூரையின்கீழ் கிடைத்த அம்மன்றத்தில்தான் 1969இல் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகினார். வென்றவர் பலகையில் தொடர, தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும் என்ற முறையில் மின்னல்வேக ஆட்டங்கள் அங்கே நடந்துவந்தன. வரிசையில் நிற்பவர்களும் பலகையைப் பார்த்தபடி நிலையை அலசுவதால், ஒவ்வோர் ஆட்டமும் பலர் கூடிப் பயிலும் பாடமாயிற்று. அதே காலத்தில், முடியாத ஆட்டத்தை ஒத்திவைக்கும் முறையும் வழக்கில் இருந்தது. குறித்த நேரம் கடந்தபின், அடுத்து ஆட வேண்டியவர் தம் நகர்வைத் தாளில் எழுதி உறையிலிட்டு நடுவரிடம் ஒப்படைப்பார்; ஆட்டம் தொடரும்வரை இரு தரப்பும் தத்தம் நண்பர்களுடன் நிலையை விடியவிடிய ஆராய்வார்கள். வலுவான நண்பர்கள் இல்லாதவர் பலகையில் அமருமுன்பே பாதி தோற்றவராவார். கணினிகள் வலுப்பெற்றதும் இந்த ஒத்திவைப்பு முறை 1990களில் வழக்கொழிந்தது.

ஆகவே அக்காலப் பகுப்பாய்வு, ஆட்டக்காரர் எங்கே வாழ்கிறார் என்பதைச் சார்ந்திருந்தது. தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள ஓசூரை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகி, 1980களில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் டைட்டன் கைக்கடிகாரமும் உற்பத்தியாகும் நகரமாக ஓசூர் எழுந்தது. மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுடன் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் மக்களும் கலந்து வாழும் ஊர் இது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்குகிறது. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து சிறிது நேரத்தில் பெங்களூரு என்னும் அளவுக்குக் கர்நாடகத் தலைநகரம் பக்கத்தில் இருக்க, சென்னையோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. மாநில அணித் தேர்வுகள் அந்தந்த மாநிலச் சங்கங்களின் பொறுப்பில் நடப்பவை; ஆதலால் இவ்வெல்லைப் பகுதியின் ஆட்டக்காரருக்குப் பக்கத்து நகரம் ஒரு மாநிலத்திலும் தம் சங்கத்தின் மையம் வேறொரு கோடியிலும் அமைந்தன. தொழிற்சாலைப் பணி நேரத்துக்கிடையே பலகையை எடுக்கும் ஒருவருக்கோ அவருடைய பிள்ளைக்கோ, தால் மன்றத்தில் அன்றாடம் கிடைத்த மூத்தோர் துணை எட்டாத தொலைவிலேயே இருந்தது. இத்தகைய ஊர்களின் கண்கொண்டு பார்க்கும்போதுதான் என்ஜினின் வருகை எவ்வளவு பெரிய திருப்பம் என்பது புலப்படும்.

அத்திருப்பத்தின் வித்து கணினிகள் பிறந்த காலத்திலேயே ஊன்றப்பட்டது. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் வெளியிட்ட ஆய்வுரையில், ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் தலா 3, சிப்பாய்க்கு 1 என்று மதிப்பு கொடுத்து, ராஜாவின் பாதுகாப்பு, காய்களின் இயங்குதிறன் முதலியவற்றையும் சேர்த்துக் கூட்டினால் எந்த நிலையையும் ஓர் எண்ணாக மாற்றலாம் என்று காட்டினார். தன் நகர்வுகளில் மிகச் சிறந்ததையும், அதற்கு எதிராளி தரக்கூடிய மிகக் கடுமையான பதிலையும் மாறிமாறிக் கருதிக்கொண்டு கிளைகிளையாகத் தேடுவது என்ஜினின் அடிப்படை வேலை. ஏற்கெனவே கண்ட வழியைவிட மோசமானது என்று உறுதியான கிளையை மேற்கொண்டு ஆராயாமல் வெட்டிவிடும் உத்தி அத்தேடலைப் பன்மடங்கு விரைவாக்கிற்று. இன்று கைபேசித் திரையில் தோன்றும் +1.5 என்ற குறிப்பு, வெள்ளைக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சிப்பாய் அளவுக்கு மேன்மை உண்டு என்று பொருள்படுகிறது. ஷானன் வகுத்த அளவுகோலே அதற்கும் மூலம்.

முடிந்துபோன ஆட்டங்களைப் பற்றிய மனிதத் தீர்ப்பைக் கணினி திருத்தக்கூடும் என்பதற்கு முதல் வலுவான சான்று இறுதி ஆட்டங்களிலிருந்து கிடைத்தது. பலகையில் சில காய்களே எஞ்சியிருக்கும் எல்லா நிலைகளையும், முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சேமித்துவைக்கும் தரவுத்தொகுப்புகளை பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் உருவாக்கினார். ராஜாவும் குதிரையும் மட்டுமே கொண்ட தரப்பு, இரு மந்திரிகளை எதிர்த்து ஒரு குறிப்பிட்ட காப்பு நிலையை அடைந்துவிட்டால் ஆட்டம் சமன் என்று 1851 முதல் புத்தகங்கள் சொல்லிவந்தன. தாம்சனின் 1983ஆம் ஆண்டுக் கணக்கீடு அக்கருத்தைக் கவிழ்த்தது. இரு மந்திரிகள் உடைய தரப்பே பொதுவாக வெல்லும் என்றும், அதற்கு 66 நகர்வுகள்வரை தேவைப்படலாம் என்றும் அது காட்டிற்று. தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்ட ஒரு முடிவு மனிதக் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் பிழையாக இருந்தது என்பதைச் சதுரங்க உலகம் ஏற்க வேண்டியதாயிற்று.

அடுத்த படி தரவுத்தளம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மத்தியாஸ் வ்யூலன்வேபரும் ஃபிரடெரிக் ஃபிரீடலும் உருவாக்கிய செஸ்பேஸ் என்னும் நிரல், ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சேமித்து, ஆட்டக்காரர் வாரியாகவும் தொடக்க முறை வாரியாகவும் நொடியில் தேடித் தந்தது. 1985இல் ஹாம்பர்க் அணியின் எட்டுப் பேருடன் ஒரே நேரத்தில் ஆடி மயிரிழையில் தோற்ற சோவியத் ஆட்டக்காரர் கேரி காஸ்பரோவ், 1987இல் அந்நிரலின் துணையுடன் எதிராளிகளின் பழைய ஆட்டங்களை ஆராய்ந்துவிட்டு வந்து 7–1 என்று வென்றார். அதே 1987இல் உலக ஜூனியர் பட்டம் வென்ற ஆனந்த், ஆண்டு முடிவதற்குள் கோயம்புத்தூரில் நடந்த போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டி, இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். மன்றத்து வரிசையில் கற்ற விரைவும் தரவுத்தளத்தில் கற்ற ஒழுங்கும் ஒருவரிடமே சேர்ந்த முதல் தமிழர் அவர். சோவியத் பயிற்சிமுறை தன் ஆட்டக்காரர்களுக்குப் பல பத்தாண்டுகளில் சேர்த்துவைத்த தகவல் வளத்தைச் சென்னைக்காரர் ஒருவர் மடிக்கணினியில் சுமந்துசெல்ல முடிந்த காலம் அப்போது தொடங்கியது. 2010இல் சோஃபியாவில் வெசலின் டோபலோவ் வலிமைமிக்க கணினித் தொகுதியின் துணையுடன் களமிறங்கிய உலக சாம்பியன் போட்டியிலும், சூர்ய சேகர் கங்குலி உள்ளிட்ட நால்வர் குழுவுடன் தயாரான ஆனந்தே பன்னிரண்டாம் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

இதற்கிடையே 1997 மே மாதம் நியூயார்க்கில், நொடிக்கு இருபது கோடி நிலைகளைக் கணக்கிட்ட ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, காஸ்பரோவை 3½–2½ என்ற புள்ளிகளில் வென்றது. பகுப்பாய்வின் வரலாற்றைப் பொறுத்தவரை அப்போட்டியின் இரண்டாம் ஆட்டமே முதன்மையானது. கணினி தன் 45ஆம் நகர்வில் யானையை ஏ6 கட்டத்துக்குக் கொண்டுசென்றதும், நிலை கைமீறிவிட்டதாகக் கருதிக் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆட்டம் முடிந்தபின் அந்நிலையைக் கணினிகளின் துணையுடன் ஆராய்ந்தவர்கள், ராணியால் இடைவிடாமல் ராஜாவுக்குச் செக் கொடுத்துச் சமன் செய்யும் வழி கறுப்புக்கு இருந்ததைக் கண்டறிந்தார்கள். அச்செய்தி மறுநாள் காஸ்பரோவை எட்டியது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் தோற்காத நிலையில் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்பதைப் பகுப்பாய்வு வெளிக்கொணர்ந்தபோது, அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை மூத்த மாஸ்டர்களிடமிருந்து நிரல்களுக்கு நகரத் தொடங்கியது.

ஆயினும் அந்த வலிமை எல்லோர் கைக்கும் வருவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2008இல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ், மூலநிரலையும் வெளிப்படையாகத் தந்த இலவச என்ஜின். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் அதை இடையறாது மேம்படுத்திவருகிறார்கள். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ, ஆட்ட விதிகளை மட்டும் பெற்றுக்கொண்டு தனக்குத்தானே ஆடிக் கற்று, நூறு ஆட்டங்கள் கொண்ட தொடரில் ஒன்றிலும் தோற்காமல் ஸ்டாக்ஃபிஷை வென்றது. காய்களுக்கு மனிதர் வகுத்த மதிப்பைக் கூட்டாமல், கோடிக்கணக்கான நிலைகளிலிருந்து தானே மதிப்பிடக் கற்றுக்கொள்ளும் நரம்பியல் வலைப்பின்னல் அதன் மையமாக அமைந்தது; 2020இல் ஸ்டாக்ஃபிஷும் அவ்வகை வலைப்பின்னலைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. டீப் புளூவுக்குத் தனி அலமாரிகளும் தனிச் சில்லுகளும் தேவைப்பட்டிருக்க, அதை எளிதில் வெல்லும் என்ஜின் இன்று கைபேசிக்குள் இயங்குகிறது. அதே காலத்தில், ஏழு முதல் பதினேழு வயதுவரையுள்ள மாணவர்களுக்குச் சதுரங்கத்தைப் பள்ளிகளில் கொண்டுசேர்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2013இல் கொண்டுவந்தது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ஆட்டத்தின் மீதான ஆர்வத்தை மாநிலமெங்கும் பரப்பியது. இவ்வாறு ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ பலகையைத் தொடும் மாணவருக்கு, சென்னை மாணவருக்கும் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சனுக்கும் கிடைக்கும் அதே தீர்ப்பு, அதே தரத்தில், ஆட்டம் முடிந்த நிமிடமே கிடைக்கிறது. பகுப்பாய்வில் ஊருக்கும் ஊருக்கும் இருந்த ஏற்றத்தாழ்வின் ஒரு பாதி இவ்வாறு மறைந்தது.

மற்றொரு பாதி மறையவில்லை. என்ஜின் தருவது எண்ணும் நகர்வு வரிசையுமே; அவற்றுக்கான காரணம் அதில் இல்லை. ஓசூரின் இயந்திரக்கூடங்களில் உருவாகும் உதிரிபாகத்தை அளவுமானியில் வைத்தால், அது அனுமதித்த வரம்புக்குள் உள்ளதா, மீறியதா என்பது நொடியில் தெரிந்துவிடும். ஆனால் பிழைக்குக் காரணம் வெட்டுளியின் தேய்மானமா, இயந்திரத்தின் பிடிப்பா, இயக்குபவரின் கைப்பழக்கமா என்பதை அனுபவம் உள்ளவர் தேடியே அறிய வேண்டும். சதுரங்கத்திலும் ஒரு நகர்வில் மதிப்பெண் சரிந்ததை என்ஜின் காட்டிவிடும். அந்தச் சரிவு கணக்கிடும் சோர்வால் வந்ததா, அச்சத்தால் வந்ததா, எதிராளியின் திட்டத்தைப் பாராமல் விட்டதால் வந்ததா என்பதை ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் சேர்ந்தே கண்டறிய வேண்டும். இவ்வுண்மையைத் தமிழகப் பயிற்சியாளர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். 2008இல் தம் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் சேர்ந்து சென்னையில் செஸ் குருகுலத்தைத் தொடங்கிய கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ், பிரக்ஞானந்தா உள்ளிட்ட மாணவர்களை உருவாக்கியதில், காய்களை நகர்த்தாமல் மனத்துக்குள்ளேயே கணக்கிடும் பயிற்சிக்கே முதலிடம் தந்தார். பின்னாளில் உலக சாம்பியனான குகேஷின் பயிற்சியாளராயிருந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா இன்னும் ஒரு படி முன்னே சென்று, அச்சிறுவன் உயர்ந்த தரப்புள்ளியை எட்டும்வரை என்ஜினைப் பயிற்சியிலிருந்தே விலக்கிவைத்தார். உலகின் பிற சிறுவர்கள் நாள்தோறும் என்ஜினுடன் பழகிய காலத்தில் எடுத்த இம்முடிவு துணிச்சலானது. குகேஷ் 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயதில், கிராண்ட்மாஸ்டரானது அதன் பயனைக் காட்டியது.

அப்பயிற்சியின் முழுப் பொருளும் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தில் வெளிப்பட்டது. சீனாவின் டிங் லிரெனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. இருவரிடமும் தலா ஒரு யானையும் ஒரு மந்திரியும் எஞ்சியிருந்தன. நிலையைத் தொடர்ந்து பார்த்துவந்த என்ஜின்கள் அதைச் சமன் என்றே மதிப்பிட்டன. 55ஆவது நகர்வில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தி யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். குகேஷ் யானையை வெட்டினார், வெள்ளை ராஜா பதிலுக்கு வெட்டியது. உடனே குகேஷ் தம் மந்திரியை டி5 கட்டத்தில் வைத்தார். பலகையின் மூலையில் ஏ8 கட்டத்தில் இருந்த வெள்ளை மந்திரி, அதே மூலைவிட்டத்தில் எதிரே வந்து நின்ற கறுப்பு மந்திரியுடன் மாறிக்கொள்வதைத் தவிர்க்க வழியில்லை. மந்திரிகள் மாறியதும் கறுப்பு ராஜா பலகையின் நடுவுக்கு வந்தது. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய அந்த இறுதி நிலையில் கூடுதல் சிப்பாயே ஆட்டத்தைத் தீர்மானித்தது. 58ஆம் நகர்வுக்குப் பின் டிங் தோல்வியை ஏற்க, 7½–6½ என்ற கணக்கில் பதினெட்டு வயது குகேஷ் உலக சாம்பியனானார்.

இந்த ஆட்டத்தை என்ஜின் வழியாக மட்டும் பார்ப்பவர், 54 நகர்வுகள்வரை சமனாயிருந்தது ஒரே நகர்வில் சரிந்தது என்ற பதிவையே காண்பார். மனிதக் கண்ணால் ஆராய்பவருக்கு வேறொன்று தெரியும். சமன் என்று என்ஜின் குறித்த நிலையிலும் காக்க வேண்டியவர் ஒவ்வொரு நகர்விலும் சரியான விடையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தாக்குபவருக்கோ இழப்பதற்கு எதுவும் இல்லை. பல மணி நேரம் அந்தச் சுமையை எதிராளியின் தோளில் வைத்திருந்ததே குகேஷின் சாதனை. மதிப்பெண்ணைக் காட்டிலும் நிலையின் இயல்பைப் படிக்கப் பழகிய ஒருவர்தான் அந்தச் சமநிலையில் இவ்வளவு பொறுமையுடன் ஆடிக்கொண்டிருக்க முடியும். விளைவு உறுதியாகும்முன்பே சமனுக்கு உடன்பட்டு எழுந்திருக்க அவருக்கு வாய்ப்பு இல்லாமலில்லை.

வரலாற்றை அளப்பதற்கும் என்ஜின் பயன்பட்டது என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2006இல் சுலோவேனியாவின் மதேய் குயிட், இவான் பிராட்கோ இருவரும் உலக சாம்பியன்களின் பட்டப் போட்டி ஆட்டங்களை ஒரே என்ஜினால் அலசி, ஒவ்வொருவரும் சிறந்த நகர்விலிருந்து சராசரியாக எவ்வளவு விலகினார்கள் என்று கணக்கிட்டனர். கியூபாவின் கபபிளாங்கா மிகக் குறைந்த விலகலுடன் முன்னின்றார். எளிய நிலைகளை விரும்பியவருக்குப் பிழை குறைவாகவே நேரும் என்பதையும் அவ்வாய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள முயன்றனர். பிழையின் அளவும் நிலையின் கடினமும் சேர்த்து எடைபோடப்பட வேண்டியவை என்ற அந்த எச்சரிக்கை, பள்ளிச் சிறாரின் ஆட்டத்தாளை ஆராயும் பயிற்சியாளருக்கும் பொருந்தும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஊர்ப்புற ஆட்டக்காரருக்கு விடை சொல்ல ஆளில்லை. இன்று விடை உடனே கிடைப்பதால் கேள்வியைக் கேட்கும் பழக்கம் மங்கும் அபாயம் வந்துள்ளது. ஆகவே பள்ளிகளிலும் மன்றங்களிலும் இலவச என்ஜினைக் கொண்டுசேர்ப்பதோடு பணி முடிந்துவிடாது. ஆட்டம் முடிந்ததும் மாணவர் முதலில் எதிராளியுடன் அமர்ந்து பேச வேண்டும்; அடுத்து எந்த நகர்வில் என்ன எண்ணினோம், எதை அஞ்சினோம், எதைப் பார்க்கத் தவறினோம் என்பதைத் தம் சொற்களில் எழுதிவைக்க வேண்டும்; அதன் பின்னரே என்ஜினைத் திறந்து தாம் எழுதியதை அதனுடன் ஒப்பிட வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் காப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். தால் மன்றத்து வரிசையில் தொடங்கிய அப்பழக்கத்தை எல்லைப்புற ஊர்களின் பள்ளிகள்வரை கொண்டுசெல்வதே தமிழகச் சதுரங்கம் தன் அடுத்த தலைமுறைக்குச் செய்ய வேண்டிய முதற்கடமை.